தோற்றவரும் நம்மவர், வென்றவரும் நம்மவர்

விளையாட்டு விளையாட்டாகவே முடிந்துவிடுமாயின் அதைப் பற்றி எழுதவேண்டிய தேவை எவருக்கும் இராது. ஓர் அணி வெல்லும். மற்றோர் அணி தோற்கும். மறுநாட்காலை அவரவர் வண்டியைப் பிடித்து அவரவர் வேலைக்குச் செல்வர். ஆனால் சில தோல்விகள் அவ்வாறு விட்டுப்போவதில்லை. மாதங்கள் பல கழிந்த பின்னும் உணவு வேளையில் பேச்சு அங்கேயே சென்று நிற்கும். தந்தை ஒன்று சொல்வார். மகன் அதை மறுப்பான். சோறு ஆறிப்போகிறது என்று தாய் இடைபுகுந்து இருவரையும் அடக்கவேண்டியிருக்கும். 2024ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் நம் மும்பை மாநகரில் தமிழ்நாட்டுக் கிரிக்கெட் அணி அடைந்த தோல்வி அத்தகையது.

அத்தோல்வி சென்னையில் இருப்போருக்குத் தந்த வருத்தம் ஒருவகை. நமக்குத் தந்தது வேறுவகை. அவர்களுக்குத் தோற்றது தம் அணி, வென்றது அயலூர் அணி. கணக்கு அதோடு தீர்ந்தது. தாராவியிலும் மாதுங்காவிலும் செம்பூரிலும் வாழும் நமக்கோ, தோற்றது பெற்றோர் பிறந்த மண். வென்றது பிள்ளைகள் பிறந்த மண். இதனை வரவில் வைப்பதா, செலவில் எழுதுவதா என்று கேட்டால், நாள்தோறும் பேரேட்டைப் புரட்டிப் பிழைக்கும் நமக்கே விடை எளிதிற் கிட்டுவதில்லை. அவ்விடையைத் தேடிப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

நெடுநாட் காத்திருப்பு

கிரிக்கெட்டில் ஈடுபாடில்லாத அன்பர்களுக்காகச் சில செய்திகளை முதலிற் கூறிவிடுகிறோம். ரஞ்சிக் கோப்பை என்பது மாநில அணிகளும், ரயில்வே, சர்வீசஸ் முதலிய துறை அணிகளும் கலந்துகொள்ளும் பழம்பெரும் போட்டி. 1934ஆம் ஆண்டு தொடங்கிய அப்போட்டியின் முதல் ஆட்டமே சென்னைச் சேப்பாக்கத்தில், சென்னை அணிக்கும் மைசூர் அணிக்கும் இடையே நடந்தது என்பது நமக்குப் பெருமை தரும் செய்தி. ஆயினும் கோப்பை நம் நாட்டார் கைக்கு வந்தது இரண்டே முறைதான். 1954-55ஆம் பருவத்தில் இந்தூரில் ஹோல்கர் அணியை வென்று ஒருமுறை. 1987-88இல் வாசுதேவன் தலைமையில் ரயில்வே அணியை வென்று மற்றொரு முறை. இரண்டாவது வெற்றியைப் பற்றி, ரயில்வேயில் உத்தியோகம் பார்க்கும் நாம் அலுவலகத்தில் உரத்த குரலிற் பேசுவதில்லை!

2024 மார்ச் பிறந்தபோது அவ்வெற்றிக்குப் பின் முப்பத்தாறு ஆண்டுகள் கடந்திருந்தன. மும்பை அணியோ அதற்குள் 41 முறை கோப்பையைத் தனதாக்கிக் கொண்டிருந்தது. சாய் கிஷோர் தலைமையில் தமிழ்நாட்டு அணி அவ்வாண்டு நன்றாக ஆடியது. கோயம்புத்தூரில் நடந்த கால்இறுதியில், முந்தைய ஆண்டு கோப்பையை வென்றிருந்த சௌராஷ்டிர அணியை ஓர் இன்னிங்ஸ் வித்தியாசத்தில் வீழ்த்தியது. ஏழாண்டுகளுக்குப் பின் அரைஇறுதி கிடைத்தது. அந்த அரைஇறுதி நடக்கவிருந்த இடமோ பாந்திரா-குர்லா வளாக மைதானம். அஃதாவது, தாராவியிலிருந்து மித்தி ஆற்றைக் கடந்தால் வந்துவிடும் இடம். தாய்வீட்டார் வாசல் வரை வந்துவிட்டார்கள் என்று நம் குடும்பங்கள் மகிழ்ந்ததில் வியப்பென்ன?

மூன்று நாள் ஆட்டம்

மார்ச் 2ஆம் நாள், சனிக்கிழமை. நாணயச் சுழற்சியில் வென்ற தமிழ்நாடு முதலில் மட்டை பிடித்தது. காலை வேளையின் ஈரத்தில் பந்து இங்குமங்கும் திரும்பியது. 42 ரன்னுக்குள் ஐந்து விக்கெட்டுகள் வீழ்ந்தன. விஜய் சங்கர் 44 ரன்னும் வாஷிங்டன் சுந்தர் 43 ரன்னும் எடுத்து ஓரளவு மானம் காத்தனர். மொத்தம் 146. துஷார் தேஷ்பாண்டே மூன்று விக்கெட்டுகளைக் கைப்பற்றினார். மாலையில் மும்பை இரண்டு விக்கெட் இழப்புக்கு 45 ரன் எடுத்து நின்றது.

மறுநாள் ஞாயிறு, பெரும்பாலோர்க்கு விடுமுறை. அன்றைய பொழுதை நம் மக்கள் எளிதில் மறக்கமாட்டார்கள். இடக்கைச் சுழற்பந்து வீச்சாளரான சாய் கிஷோர் மும்பையை ஒருவர் பின் ஒருவராகச் சரித்தார். ரகானே 19 ரன்னிற் போனார். ஷ்ரேயாஸ் ஐயர் 3 ரன்னில், சந்தீப் வாரியர் வீசிய பந்துக்கு ஸ்டம்பைப் பறிகொடுத்தார். முஷீர் கான் மட்டும் 55 ரன் எடுத்தார். ஏழு விக்கெட்டுகள் வீழ்ந்தபோது மும்பையின் எண்ணிக்கை 106. தமிழ்நாட்டை எட்ட இன்னும் 40 ரன் வேண்டும். மீதமிருந்தவை மூன்றே விக்கெட்டுகள். 'ஆட்டம் நம்முடையது' என்று கைபேசியில் செய்தி அனுப்பாத தமிழர் அன்று அரியர்.

ஏழு விக்கெட்டுகளுக்குப் பின் ஆடவருவோர் பெரும்பாலும் பந்து வீசுவதற்காகவே அணியிற் சேர்க்கப்பட்டவர்கள். அவர்கள் பத்தோ பதினைந்தோ ரன் எடுத்தால் அது லாபம். ஆனால் அன்று ஒன்பதாவது ஆட்டக்காரராக இறங்கிய ஷார்துல் தாக்கூர், விக்கெட் காப்பாளர் ஹார்திக் தாமோரேயைத் துணையாகக் கொண்டு 105 ரன் சேர்த்தார். பின்னர் தனுஷ் கோட்டியனுடன் 79 ரன் சேர்த்தார். 104 பந்துகளில் 109 ரன்! முதல்தர ஆட்டத்தில் அதுவே அவருக்கு முதற் சதம். அவர் போன பிறகும் துன்பம் ஓயவில்லை. பத்தாவது ஆட்டக்காரரான கோட்டியனும் பதினோராவது ஆட்டக்காரரான தேஷ்பாண்டேயும் கடைசி விக்கெட்டுக்கு 88 ரன் சேர்த்தனர். திங்கட்கிழமை காலை மும்பை 378 ரன்னில் முடிந்தபோது கோட்டியன் 89 ரன்னுடன் ஆட்டமிழவாது நின்றார்.

இவ்விருவரையும் அறிந்தவர்க்கு அது வியப்பன்று. சில நாட்களுக்கு முன்னர்த்தான் பரோடாவுக்கு எதிரான கால்இறுதியில் இவர்கள் இருவருமே சதம் அடித்திருந்தனர். பத்தாவது, பதினோராவது ஆட்டக்காரர்கள் ஒரே இன்னிங்ஸில் சதம் அடித்தது முதல்தரக் கிரிக்கெட்டின் வரலாற்றிலேயே அது இரண்டாவது முறை. முதன்முறை அதனைச் செய்தவர்களும் இந்தியர்களே. 1946இல் இங்கிலாந்திற் சுற்றுப்பயணம் செய்த சர்வாதேயும் பானர்ஜியும்.

தமிழ்நாடு இரண்டாம் முறை ஆடி 162 ரன்னில் வீழ்ந்தது. பாபா இந்திரஜித் 70 ரன் எடுத்துப் போராடினார், ஏனையோர் நிலைக்கவில்லை. பெயருக்கு ஐந்து நாள் ஆட்டம். மூன்றாம் நாளே முடிந்தது. ஓர் இன்னிங்ஸும் 70 ரன்னும் வித்தியாசம் என்று ஏட்டிற் பதிவாயிற்று. அவ்வித்தியாசத்தை மட்டும் பார்ப்பவர் இது ஒருதலையான ஆட்டம் என்றே எண்ணுவர். ஞாயிறு பிற்பகல் 106க்கு 7 என்ற நிலையில் நம் நெஞ்சம் எவ்வளவு உயரத்தில் இருந்தது என்பதை ஏடு சொல்லாது. அந்த உயரத்திலிருந்து விழுந்தமையாலேயே அடி பலமாகப் பட்டது.

பழி யாருக்கு?

தோல்விக்குப் பின் நடந்த ஒன்று, தோல்வியைவிட நம்மை வருத்தியது. தமிழ்நாட்டு அணியின் பயிற்சியாளர் சுலக்ஷண் குல்கர்ணி செய்தியாளர்களிடம் பேசுகையில், முதல்நாள் காலை ஒன்பது மணிக்கே ஆட்டம் தோற்றுவிட்டது என்ற கருத்தைக் கூறினார். முதலிற் பந்து வீசுவதே தம் எண்ணமென்றும், மட்டை பிடிக்கும் முடிவு தலைவருடையதென்றும் குறிப்பிட்டார். அவர் முன்னாளில் மும்பைக்கு ஆடியவர். மும்பை மண்ணின் தன்மையை நன்கறிந்தவர். ஆகவே ஆடுகளத்தைப் பற்றி அவர் சொன்னதில் உண்மை இருக்கலாம். 42க்கு 5 என்ற கணக்கே அதற்குச் சான்று கூறும்.

ஆயினும் உண்மை வேறு. அதனைச் சொல்லும் இடம் வேறு. ஓராண்டு உழைப்பை ஒரு நாணயத்தின் மீது சுமத்தி, அந்நாணயத்தை ஒருவர் தலைமீது சுமத்துவது முறையா? அப்பருவத்தில் 53 விக்கெட்டுகள் எடுத்து நாட்டிலேயே முதலிடத்தில் நின்றவர் சாய் கிஷோர். இதே ஆட்டத்தில் 99 ரன்னுக்கு 6 விக்கெட்டுகள் சாய்த்தவரும் அவரே. முன்னாள் தலைவரான தினேஷ் கார்த்திக் உடனே வெளிப்படையாகத் தலைவர் பக்கம் பேசினார்; ஏழாண்டுகளுக்குப் பின் அணியை அரைஇறுதிக்குக் கொண்டுவந்தவரைத் தாங்கிப்பிடிக்க வேண்டிய வேளையில் கைவிட்டது தகாது என்பது அவர் வாதம். நாமும் அக்கட்சியே.

குடும்பம் நடத்துவோருக்கு இது விளங்காத செய்தியன்று. ஊரிலிருந்து கடன்வாங்கி இங்கு ஒரு கடை வைத்து, அது நடவாமற் போன வீடுகள் நம்மிடையே எத்தனை! 'நான் அன்றே சொன்னேன்' என்பவர் அவ்வீட்டில் ஒருவர் இருந்தால் கடை போனதோடு உறவும் போய்விடும். சொல்லவேண்டியதைக் கதவை மூடிக்கொண்டு சொல்லி, வெளியே வரும்போது தோளிற் கைபோட்டு வரும் வீடு மீண்டும் எழுந்துவிடும். கடைக்குப் பொருந்துவது களத்துக்கும் பொருந்தும்.

முன்னோர் கண்ட தோல்விகள்

நம் மூத்தோர் இதைவிடப் பெரிய துயரங்களைக் கண்டவர்கள். 1973ஆம் ஆண்டு சேப்பாக்கத்தில் தமிழ்நாடும் பம்பாயும் இறுதியாட்டத்தில் மோதின. வெங்கட்ராகவன், வி. வி. குமார் என்னும் இரு பெரும் சுழற்பந்து வீச்சாளர்கள் நம்மிடம் இருந்தனர்; ஆடுகளமும் சுழலுக்கு உகந்ததாக இருந்தது. பம்பாயை 151 ரன்னிலும் 113 ரன்னிலும் அடக்கினார்கள். ஆனால் பந்து நமக்கு மட்டுமா சுழலும்? பம்பாயின் பத்மாகர் சிவால்கர் முதல் இன்னிங்ஸில் 16 ரன்னுக்கு 8 விக்கெட்டும், அடுத்ததில் 18 ரன்னுக்கு 5 விக்கெட்டும் வீழ்த்தினார். தமிழ்நாடு 80, பின்னர் 61. மூன்றாம் நாளின் முதற் பந்திலேயே ஆட்டம் முடிந்துவிட்டது. அவ்வளவு ஆற்றல் பெற்றிருந்தும் சிவால்கருக்கு இந்தியாவுக்காக ஒரு டெஸ்ட் ஆட்டமேனும் ஆடக் கிட்டவில்லை. 2025 மார்ச்சில் அவர் மறைந்தார். வென்றவர் வாழ்விலும் ஒரு தோல்வி இருந்தது என்பதை எண்ணுக.

1991 மே மாதம் வான்கடே அரங்கில் பம்பாயும் அழுதது. ஹரியானாவுக்கு எதிரான இறுதியாட்டம். கடைசி நாளில் வெற்றிக்கு 355 ரன் வேண்டும். பதினெட்டு வயது டெண்டுல்கர் 96 ரன் எடுத்தார். ஒன்பது விக்கெட்டுகள் வீழ்ந்தபோது எண்ணிக்கை 305. திலீப் வெங்சர்க்கார் ஒருபுறம் நிற்க, மறுபுறம் கேரளத்திற் பிறந்து இங்கு வந்து சேர்ந்த உயரமான இளைஞர் ஏபி குருவில்லா நின்றார். இருவரும் 47 ரன் சேர்த்துவிட்டனர். இன்னும் மூன்று ரன் எடுத்தாற் கோப்பை. அந்நிலையில் குருவில்லா ரன் அவுட் ஆனார். 352இல் எல்லாம் முடிந்தது; இரண்டே ரன் வித்தியாசம். 139 ரன் எடுத்து ஆட்டமிழவாது நின்ற வெங்சர்க்கார் களத்திலேயே கண்ணீர் விட்டார்.

அந்த மாலையில் மாதுங்காவில் நம் தமிழர் இல்லங்களிலும் அடுப்பு நேரங்கழித்தே எரிந்தது என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். அவர்களுள் ஒருவரும் மராத்தியர் அல்லர். ஹரியானா எங்கிருக்கிறது என்பதைப் படத்திற் காட்டச் சொன்னால் தடுமாறுபவர்களும் இருந்திருப்பர். ஆயினும் அழுதார்கள். ஓர் ஊரின் வெற்றியிற் கலந்துகொள்ள விருந்தாளியாலும் முடியும். அதன் தோல்வியில் அழுகிறவர் அவ்வூர்க்காரராகிவிட்டார் என்றே பொருள்.

யார் எந்தப் பக்கம்?

2024இன் அரைஇறுதிக்குத் திரும்புவோம். மும்பை அணியில் 3 ரன்னிற் போன ஷ்ரேயாஸ் ஐயர் யார்? செம்பூரிற் பிறந்து, மாதுங்கா டான் போஸ்கோ பள்ளியிலும் பொத்தார் கல்லூரியிலும் படித்தவர். தந்தைவழியில் திருச்சூரை மூலமாகக் கொண்ட தமிழ்க் குடும்பத்தார். தாய்வழியில் துளு நாட்டவர். நம் தெருவிற் பள்ளிப்பையோடு போய்வந்த பிள்ளை. அவரை வீழ்த்திய சந்தீப் வாரியரோ அதே திருச்சூர்ப் பக்கத்தவர், ஆடியது தமிழ்நாட்டுக்கு. நம்மைக் கலங்கடித்த கோட்டியனின் முன்னோர் உடுப்பிக் கடற்கரையிலிருந்து பிழைப்புத் தேடி இங்கு வந்தவர்கள். தமிழ்நாட்டுக்குப் பயிற்சியளித்தவர் மும்பைக்காரர். இவற்றையெல்லாம் எடுத்து வைத்துப் பார்த்தால், நாடுவிட்டு வந்தவர் நாம் மட்டுமல்லர் என்பது புலனாகும்.

சதம் அடித்த ஷார்துல் தாக்கூரைப் பற்றி ரயில்வே ஊழியராகிய நாம் ஒரு சொல் கூறாமற் போவது நன்றன்று. அவர் ஊர் பால்கர். மேற்கு ரயில்பாதையில் விராரையும் தாண்டிய ஊர். சிறுவனாக இருந்தபோது மட்டைப்பையைச் சுமந்து ரயிலில் நெடுந்தூரம் வந்து ஆடினார். அவரது ஆற்றலைக் கண்ட பயிற்சியாளர் தினேஷ் லாட் போரிவலியில் தம் இல்லத்திலேயே தங்கவைத்துப் பள்ளியிற் சேர்த்தார். இந்திய அணிக்கு ஆடத் தொடங்கிய பிறகும் பழக்கத்தை விடவில்லை. 2018இல் தென்னாப்பிரிக்காவிலிருந்து திரும்பியவர் அந்தேரியில் புறநகர் வண்டியேறி ஊர் போய்ச் சேர்ந்தார் என்று செய்தித்தாள்களில் வந்தது. விரார் வண்டியின் நெரிசலை அறிந்தவர்க்கே அதன் அருமை தெரியும்.

தாராவியில் நாம் அறிந்த ஓர் இல்லம் உண்டு. முதியவர் திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் பதனிடும் தொழிலுக்கு இளமையில் வந்தவர். பேரன் இங்கேயே பிறந்து மராத்தி நண்பர்களோடு மைதானத்தில் ஆடுபவன். அந்த ஞாயிற்றுக்கிழமை ஷார்துல் சதத்தை எட்டியபோது பேரன் கைதட்டிவிட்டான். முதியவர் அன்றிரவு அவனோடு பேசவில்லை. மறுநாள் ஆட்டம் முடிந்த பின்னரே வாய் திறந்தார்.

"அந்தப் பய எந்த ஊருலே?"

"பால்கர், தாத்தா. ரயில்லயே வந்து வந்து ஆடிப் படிச்சவரு."

முதியவர் சிறிது நேரம் எண்ணிப் பார்த்தார். "அப்பச் சரிதான். அலைஞ்சு திரிஞ்சவன் லேசுல அவுட்டாக மாட்டான்" என்றார். அவ்வளவே. இதனினும் நல்ல விமரிசனத்தை நாம் எந்தத் தாளிலும் படிக்கவில்லை.

கணக்கின் முடிவு

உறையூர்க் கோட்டைக்குள் நெடுங்கிள்ளி அடைபட்டிருக்க, வெளியே நலங்கிள்ளி முற்றுகையிட்டிருந்தபோது, கோவூர்கிழார் என்னும் புலவர் இருவருக்கும் நடுவே நின்று, இருவரும் ஆத்தி சூடிய சோழரே என்பதையும், எவர் தோற்பினும் தோற்பது ஒரே குடி என்பதையும் எடுத்துரைத்ததைப் புறநானூறு காட்டுகிறது. போரை நிறுத்துவதற்காக அவர் அதனைச் சொன்னார். நமக்கு ஆட்டத்தை நிறுத்தவேண்டிய அவசியம் இல்லை. ஆட்டம் நடக்கட்டும், நன்றாக நடக்கட்டும். எவர் தோற்றாலும் நம் இல்லத்தில் ஒரு பாதி வாடும் என்பதை மட்டும் மறவாதிருந்தாற் போதும். மறுபாதி அப்போது எக்களிக்காமல் இருந்தால் அதுவே குடும்பத்துக்கு அழகு.

அரைஇறுதிக்குப் பின் நடந்ததையும் சொல்லிவிடுகிறோம். வான்கடேயில் நடந்த இறுதியாட்டத்தில் மும்பை, விதர்பா அணியை 169 ரன் வித்தியாசத்தில் வென்று 42ஆம் முறையாகக் கோப்பையை ஏந்தியது. அன்று நாம் மகிழ்ந்தோமா என்று கேட்பவர்க்கு, மகிழ்ந்தோம் என்பதே விடை. தமிழ்நாட்டை நினைத்து வருந்தினோமா என்றால், வருந்தினோம் என்பதும் விடையே. வரவையும் செலவையும் ஒன்றிலிருந்து ஒன்று கழித்து மீதி காட்டவேண்டிய கட்டாயம் அலுவலகப் பேரேட்டுக்கு உண்டு, நெஞ்சுக்கு இல்லை.

பிள்ளைகளை உடைய அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் மகன் மும்பை என்று முழங்கினால், தமிழை மறந்துவிட்டான் என்று அஞ்சாதீர்கள். சிவால்கரின் பெருமையோடு வெங்கட்ராகவன் பெருமையையும் அவனுக்குச் சொல்லிக் கொடுங்கள். ரஞ்சிப் பருவம் வரும்போது தமிழ்நாட்டு அணி மீண்டும் இந்நகருக்கு வந்தால், அவனையும் உடன் அழைத்துக்கொண்டு மைதானத்துக்குப் போங்கள். அவன் விரும்பிய பக்கம் அவன் அமரட்டும். நீங்கள் உங்கள் பக்கம் அமருங்கள். கட்டிக்கொண்டுபோன புளியோதரையை மட்டும் பிரித்துண்ணாமல் ஒன்றாகவே உண்ணுங்கள்.